தொட்டால் தெரியும் வீடு

"ஹால்ல புதுசா கயிறு ஏதாவது போட்டிருக்கியா?" என்று தீபக் போனில் கேட்டபோது, ஸ்ரீதேவி மைசூரின் ஹூட்டகள்ளியில் ஒரு வாடிக்கையாளரின் சமையலறைச் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

"இல்லையே. ஏன்?"

"கால்ல பட்டுச்சு. ஈரமான ஷூ லேஸ் மாதிரி. நீ வெச்சதுதான்னு நெனச்சு எடுக்கக் குனிஞ்சேன். அதுக்குள்ள போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"நகர்ந்து போச்சு, ஸ்ரீ."

அளவு நாடா அவள் கையிலிருந்து நழுவி, சரசரவென்று தன் கூட்டுக்குள் சுருண்டு புகுந்தது. அந்தச் சத்தத்துக்கே அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

"இப்போ எங்க இருக்கே?"

"திவான் பக்கத்துல நிக்கிறேன்."

"ஏறி உக்காரு. ரெண்டு காலையும் மேல தூக்கிக்கோ. போனைக் கட் பண்ணாதே. எதையும் தொடாதே. கேக்குதா? எதையும் தொடாதே."

தீபக்குக்குக் கண் தெரியாது. விழித்திரையில் வந்த நோய் கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையை அரித்து, கடைசியில் வெளிச்சம் இருட்டு என்ற வித்தியாசத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. கணினி வாசித்துச் சொல்வதைக் காதில் கேட்டபடி, வீட்டிலிருந்தே ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை பார்த்துவந்தான். ஸ்ரீதேவிக்குத் தொழிலே வீட்டு உள் அலங்காரம்தான். விஜயநகரில் இருக்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்காகப் பிறர் வீடுகளுக்கு நிறமும் விளக்கும் தேர்ந்தெடுப்பவள், தன் வீட்டில் மட்டும் நிறத்துக்கு வேலையில்லாமல் போனதை நினைத்து வெகுநாள் மனம் சோர்ந்து கிடந்தாள்.

ஒரு தடவை இருவரும் பெங்களூர் போக ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார்கள். பார்வையற்றவர்களுக்காக நடைமேடையில் பதித்திருக்கும் மஞ்சள் வரிக்கற்கள்மேல் தீபக்கின் செருப்பு பட்டது. தொங்கிப்போயிருந்த அவன் தோள்கள் நிமிர்ந்தன. அவள் கையை விட்டுவிட்டு நாலு எட்டு தானே நடந்தான். ஸ்ரீதேவிக்கு அங்கேயே பொறி தட்டியது. நம் வீட்டைக் காலுக்கும் கைக்கும் தெரியும்படி அலங்கரித்தால் என்ன?

அன்றிலிருந்து பார்ப்பதெல்லாம் அவளுக்கு யோசனை தந்தது. நகரப் பேருந்தின் கம்பியில் யாரோ துணி சுற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, சமையலறை நிலைக்குச் சணல் கயிறு சுற்றினாள். தேவராஜா மார்க்கெட்டில் பூக்கூடைகளைத் தடவிப் பார்த்து, படுக்கையறைச் சுவரில் பிரம்புக் கூடைகளை மாட்டினாள். குளியலறைக்கு முன்னால் ஆற்றுக் கூழாங்கல் பதித்தாள். திவானிலிருந்து வாசல்வரை நீளமாகத் தேங்காய் நார்ப்பாய் விரித்தாள். கால் அதை விட்டு விலகாமல் நடந்தால் நேரே கதவுக்குப் போய்விடலாம். திவான் விரிப்பின் ஓரத்தில் தரையைத் தொடும் நீளத்துக்குக் குஞ்சம் முடிந்துவிட்டாள். தாழ்ப்பாள் இருக்கும் இடம் தெரிவதற்குக் கதவின் உட்பக்கம் காய்ந்த விதைக்காய்களைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டாள். படம் எடுத்து இணையத்தில் போட்டபோது பார்த்தவர்கள் வியந்தார்கள். வாரம் தவறாமல் ஏதாவது ஒன்று வீட்டுக்குள் புதிதாக வந்துகொண்டிருந்தது.

கடைசியாக வந்தது மரத்துண்டு. ஏப்ரல் மாதக் காற்றில் லிங்காம்புதி ஏரிப் பக்கம் ஒரு மரம் விழுந்து, அதை அறுத்துப் போட்டிருந்தார்கள். இடுப்பு உயரத்தில் ஒரு துண்டு. பட்டை வெடித்து வெடித்து, தொட்டால் கை அங்கேயே நின்றுவிடும். ஹாலும் நடையும் சேரும் மூலையில் தீபக் அடிக்கடி தோளை இடித்துக்கொள்வான். அந்த இடத்துக்கு இது காவல் நிற்கும் என்று தோன்றியது. சரக்கு ஆட்டோவில் நிமிர்த்தி வைத்தபடியே கொண்டுவந்தாள். உள்ளே பொந்து விழுந்து, கரையான் மண் அடைந்திருந்தது. மண் இருந்தால்தான் துண்டு சாயாமல் நிற்கும் என்று அதைக் கிளறாமல் விட்டாள்.

இப்போது ஸ்கூட்டரில் வெளிவட்டச் சாலையில் பறந்தபோது அவளுக்கு அந்த மரத்துண்டு நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையிலிருந்துதான் ஏதோ உள்ளே வந்திருக்கிறது என்று நினைத்தாள். அது ஒளிந்துகொள்ள வீட்டில் எங்கெங்கே இடம் உண்டு என்று மனம் தேடியது. கூடைகள். கூழாங்கற்களின் இடுக்கு. சுற்றிய கயிற்றின் பின்பக்கம். நார்ப்பாயின் அடி. ஒவ்வொன்றையும் அவளே ஆசை ஆசையாகச் செய்திருந்தாள். ஒவ்வொன்றின்மேலும் தீபக் நாள்தோறும் கை வைப்பான். கயிற்றைப் பாம்பென்று நினைத்து அலறியவர்களைப் பற்றி ஊரெல்லாம் கதை உண்டு. இவன் பாம்பைக் கயிறென்று நினைத்து எடுக்கக் குனிந்திருக்கிறான்.

"ஸ்ரீ, இருக்கியா?" காதில் அவன் குரல்.

"இருக்கேன். வந்துட்டே இருக்கேன்."

"ஏதோ சத்தம் கேக்குது. காகிதத்தை இழுத்தா மாதிரி."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

சிக்னல் சிவப்பாக இருந்ததோ என்னவோ, அவள் நிற்கவில்லை.

ஸ்ரீராம்புராவில் அவர்கள் வாடகைக்கு இருந்தது கீழ்வீடு. மாடியில் வீட்டுக்காரி பசம்மா. அறுபதைத் தாண்டிய கன்னடக்காரி. ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஸ்ரீதேவி ஓடுவதைப் பார்த்து மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

"ஏனாய்த்தம்மா?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டாள்.

"ஹாவு," என்றாள் ஸ்ரீதேவி. பாம்பு என்ற சொல்லைத் தமிழில் சொன்னால் தீபக்குக்குக் கேட்டுவிடும் என்று பயந்தாள். அவனும் மைசூரில் பிறந்து வளர்ந்தவன், கன்னடமும் நன்றாகத் தெரியும் என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

பசம்மா முகம் வெளுத்தது. தன் வீட்டு மோட்டார் அறையில் போன வருஷம் பாம்பு பிடித்த பெண்ணின் நம்பர் போனில் இருக்கிறது என்று சொல்லி, அதைத் தேடிக் கூப்பிட்டாள். அந்தப் பெண் போகாதி பக்கம் இருந்தாள்; கிளம்பிவிட்டதாகவும், யாரும் உள்ளே போக வேண்டாம் என்றும் சொன்னாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தனியாக இருக்கும்போது தீபக் எப்போதும் தாழிடுவான். ஸ்ரீதேவி கதவை ஒட்டியிருந்த ஜன்னலுக்குப் போனாள். கம்பிகளுக்கிடையில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

முதலில் தீபக் மட்டும்தான் தெரிந்தான். திவான் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, எதையோ உற்றுக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான். அப்புறம் கணினி மேசையின் காலருகில் ஒன்று தெரிந்தது. பென்சில் தடிமன். அப்புறம் நார்ப்பாயின் நடுவே இன்னொன்று. அது தலையைத் தூக்கிக் கட்டைவிரல் அகலத்துக்குப் படம் விரித்தது. நடைப்பக்கம் சுவரோரமாக மேலும் இரண்டு ஊர்ந்தன. எல்லாம் நாகக்குட்டிகள்.

"மரிகளு," என்று பக்கத்தில் பசம்மா மூச்சடைத்தாள். குட்டிகள். இத்தனை குட்டிகளா என்ற திகைப்பில் அவள் ஸ்ரீதேவியின் தோளைப் பிடித்த பிடி வலித்தது.

"ஸ்ரீ, வந்துட்டியா?" தீபக்கின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. "எத்தனை இருக்கு?"

"ஒண்ணு. சின்னது."

பொய் சொல்லும்போது அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. பாம்பு பிடிக்கும் பெண் வரும்வரை அவன் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும் என்று எண்ணினாள். அப்போதுதான் திவான் விரிப்பின் ஓரத்தில் ஒரு குஞ்சம் அசைந்தது. மின்விசிறி ஓடவில்லை. பக்கத்துக் குஞ்சம் சும்மா தொங்கியது, அது மட்டும் ஆடியது. நூல்களுக்கிடையே கறுப்பாக ஒரு வளைவு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கும் தீபக்கின் இடது இடுப்புக்கும் ஒரு முழம்கூட இல்லை.

"தீபக், எழுந்திரி."

"நீதானே அசையாதேன்னு சொன்னே?"

"இப்போ சொல்றேன், எழுந்திரி. வலது பக்கமா நகரு. கையை ஊணாதே. கையை மார்போட கட்டிக்கோ. வலது காலை இறக்கு. அங்க ஒண்ணுமில்லை, நான் பாக்கறேன்."

அவன் கால் தரையைத் தேடி இறங்கியது. பழக்கத்தில் நார்ப்பாயைத் தேடி உள்பக்கமாக வளைந்தது.

"வேண்டாம்! பாய்ல கால் வைக்காதே. பாய்க்கு இந்தப் பக்கம். வெறும் தரை."

"வெறும் தரைல எனக்கு எங்க போறேன்னே தெரியாதே, ஸ்ரீ."

"என் குரல் தெரியும்ல? அதைப் பாத்து வா."

பாத்து என்று சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவனும் கவனிக்கவில்லை. எழுந்து நின்றான். அவன் விட்ட இடத்தில் விரிப்பின்மேல் அந்தக் குட்டி தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. பசம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தன் வீட்டுக்குள்ளேயே, முதல் தடவை வந்தவனைப்போல் தீபக் நடந்தான். எந்தச் சுவரும் எந்தக் கயிறும் அவனுக்குத் துணையில்லை. பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வைத்தான். "இன்னும் கொஞ்சம். நேரா. நேரா வா," என்று ஸ்ரீதேவி சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் பாயின்மேல் இருந்த குட்டி அவன் அசைவுக்குத் திரும்பி மறுபடி படமெடுத்தது.

"நில்லு!"

ஒரு கால் அந்தரத்தில் நிற்க அவன் அசையாமல் நின்றான். அவன் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. அவள் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்போல் இருந்தது. குட்டி ஆடியது, தாழ்ந்தது, படத்தைச் சுருக்கிக்கொண்டு பாயின் அடியில் நுழைந்தது.

"இப்போ வை. வா. ரெண்டே எட்டு. கதவு முன்னாடிதான்."

கதவை எட்டியதும் அவன் கை தூக்கினான். அப்போது அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கதவின் உட்பக்கம் ஜன்னலிலிருந்து தெரியாது. அங்கே, தாழ்ப்பாளை மூடிக்கொண்டு, கறுத்த நீண்ட விதைக்காய்க் கொத்து தொங்குகிறது. அதற்குள் என்ன இருந்தாலும் தெரியாது.

"தீபக், எனக்குக் கதவு தெரியலை," என்றாள். இந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது. "அந்தக் காய்க்கொத்துல… எனக்கு எதுவும் தெரியலை."

உள்ளே காய்கள் கலகலவென்று குலுங்கின. கொத்து அறுந்து தரையில் விழுந்தது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு திறந்து தீபக் வெளியே வந்து விழ, ஸ்ரீதேவி அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். பசம்மா பின்னாலேயே கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு மட்டும் இல்லைதானே?" என்றான் அவன் மூச்சு வாங்க. "அந்தம்மா மரிகளுன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு."

அவள் அவன் முன்னால் மண்டியிட்டுப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். கணுக்காலுக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளிகள். அடுத்த காலில் மூன்று. பாதத்தின் ஓரமெல்லாம் கீறல்கள், பழையதும் புதியதுமாக.

"முதல்ல உன் கால்ல பட்டப்போ குத்தினா மாதிரி இருந்துச்சா? சுருக்னு?"

"தெரியலை."

"யோசிச்சுச் சொல்லு!"

"எப்படிச் சொல்றது, ஸ்ரீ? என் கால்ல எப்பவும் ஏதாவது குத்திக்கிட்டேதான் இருக்கும்."

பாம்பு பிடிக்கும் பெண் வந்து சேர்ந்தாள். பெயர் தமிழ்ப்ரியா. தமிழ் பேசும் மார்டள்ளி கிராமத்துக்காரி, முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் ஒரு கொக்கிக் கம்பியும், மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களும். அவளும் பாதத்தைப் பார்த்தாள்.

"இது கடியா கீறலான்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க அக்கா. குட்டிக்கும் விஷம் இருக்குதுங்க. இங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டை நான் பாத்துக்கறேன்." கையுறையை மாட்டியபடி கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பெருசுன்னா கண்ணுக்குத் தெரியுமுங்க. குட்டின்னாத்தான் எனக்கே பயமா இருக்குது."

ஆட்டோவில் போகும்போது தீபக்கின் கை சில்லிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவனைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் மூச்சை இழுத்துவிடச் சொன்னார், பேசச் சொன்னார், கையை அழுத்தச் சொன்னார். பிறகு அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஸ்ரீதேவியிடம் திரும்பினார். "நாகம் கடிச்சா இமை தொங்கும். இவருக்கு இமை பாதி மூடியிருக்கு. எப்பவும் இப்படித்தானா?"

ஸ்ரீதேவி தீபக்கின் கண்களைப் பார்த்தாள். பாதி மூடித்தான் இருந்தன. எப்போதும் இப்படித்தானா? அவளுக்குத் தெரியவில்லை. அவன் கை எங்கே போகிறது, கால் எங்கே படுகிறது என்று ஓயாமல் பார்த்தவள், முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று?

"இப்படித்தான்னு நெனைக்கிறேன்," என்றாள்.

"நெனைக்கிறீங்களா?"

"எப்பவும் இப்படித்தான், டாக்டர்," என்றான் தீபக் கட்டிலிலிருந்து. ஆனால் அவன் சொல்வதை எப்படி நம்புவது? தன் இமை எப்படி இருக்கிறது என்று அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த இமைகளையே பார்த்தபடி உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவை அவன் கண் சிமிட்டும்போதும் மறுபடி திறக்குமா என்று நெஞ்சு நின்றது. இடையிடையே நர்ஸ் வந்து அவனைப் பேசச் சொன்னாள். சொல் குழறுகிறதா என்று ஸ்ரீதேவி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு தடவை அவன் கொட்டாவி விட்டான். அவள் எழுந்து கத்தி டாக்டரைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிச் சரிந்தது. எதுவும் ஆகவில்லை. டாக்டர் மறுபடி வந்து பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். "இது நார் குத்தினது, கல்லு கீறினது. கடி இல்லை. ஆனா இவ்வளவு காயம் எப்படி? செருப்பில்லாம எங்க நடக்கறீங்க?"

"வீட்லதான்," என்றான் தீபக்.

டாக்டர் போனபிறகு ஸ்ரீதேவி கேட்டாள். "ஏன் சொல்லலை?"

அவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். "மொதல்ல செஞ்சது நல்லாத்தான் இருந்துச்சு. அந்த நார்ப்பாய் வந்தப்போ எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? அப்புறம் நிக்கவே இல்லை. நேத்து இல்லாதது இன்னைக்குக் கைல படும். என்னன்னு தெரியாம படும். காலைல எழுந்து கையை நீட்டும்போதெல்லாம் பயம் ஸ்ரீ. இன்னைக்கு என்ன இருக்கப்போகுதோன்னு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"நீ ஓடி வந்து என் கையைப் பிடிச்சு வெச்சுக் காட்டுவே. உன் குரல்ல அப்படி ஒரு குஷி. கண்ணு போனப்புறம் அதுவரைக்கும் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அதைக் கெடுக்கணுமான்னு இருந்துச்சு." பாதங்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சொன்னான்: "அதனாலதான் இன்னைக்கும் அதை எடுக்கக் குனிஞ்சேன். உன்னோடதுன்னு."

அவள் அவன் கையைத் தன் முகத்தின்மேல் வைத்துக்கொண்டாள். அழுவது அவனுக்குத் தெரியட்டும் என்றே வைத்துக்கொண்டாள்.

இரவு மாடியில் பசம்மா வீட்டில் தங்கினார்கள். மறுநாள் தமிழ்ப்ரியா திரும்ப வந்து மரத்துண்டை முற்றத்தில் சாய்த்துக் காட்டினாள். பொந்துக்குள் கரையான் மண்ணில் கிழிந்த முட்டைத் தோல்கள், ஈரக் காகிதம்போல.

"மரம் விழுந்தப்போவோ அறுத்தப்போவோ தாய் ஓடியிருக்குமுங்க. முட்டை தப்பிச்சிருக்குது. நிமிர்த்தியே கொண்டாந்தீங்கல்ல, அதான் கெடலை. கிடைச்ச குட்டியெல்லாம் வனத்துறைக்காரங்க கிட்ட ஒப்படைச்சுட்டேன்."

"எல்லாம் பிடிச்சாச்சா?"

தமிழ்ப்ரியா கையுறையைக் கழற்றினாள். "தோலு கிழிஞ்சு மண்ணோட கலந்து போச்சுங்க. எத்தனை முட்டைன்னு எண்ண முடியலை. நீங்க சாமானையெல்லாம் வெளிய போடோணும். ஒண்ணொண்ணாப் பாக்கோணும். பொய் சொல்லி உங்களை உள்ள அனுப்ப மாட்டேன்."

கூடைகளைக் கொக்கியால் எடுத்தார்கள். கயிறுகளை அறுத்தார்கள். கூழாங்கற்களை ஆள் வைத்துப் பெயர்த்தார்கள். படுக்கையறைக் கூடையொன்றின் மடிப்பில் இன்னும் ஒரு குட்டி சுருண்டிருந்தது. தீபக் தினமும் தூங்கப் போகுமுன் தடவும் கூடை. அதைப் பார்த்ததும் ஸ்ரீதேவி வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. சுவர்களையும் தரையையும் தவிர எதுவும் மிஞ்சவில்லை. நார்ப்பாயை மட்டும் தீபக் திரும்பக் கேட்டான்; அவள் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை.

மழைக்காலம் முழுக்க அந்த வெற்று வீட்டில் இருந்தார்கள். தீபக் தடியை ஊன்றி, சுவரைப் பிடித்து, இடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் நடந்தான். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்: "ஹால் எதிரொலிக்குது, ஸ்ரீ. கிணத்துக்குள்ள உக்காந்திருக்கா மாதிரி இருக்கு. ஒரு திரை போடலாம். கடைக்கு நானும் வரேன்."

சயாஜி ராவ் சாலைத் துணிக்கடையில் அவன் ஒவ்வொரு துணியாக இரு கையாலும் பிடித்துப் பார்த்தான். கசக்கினான், முகர்ந்தான், கன்னத்தில் வைத்தான். கடைசியில் கனமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். கத்தரிப்பூ நிறம், மேலே தங்கப் பூ. எந்த வாடிக்கையாளர் வீட்டுக்கும் அவள் சிபாரிசு செய்யாத துணி. "இது," என்றான். அவள் உடனே பில் போடச் சொன்னாள்.

அது இப்போது ஹால் ஜன்னலில் தொங்குகிறது. அவன் அதன் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறான். தினமும் காலையில் அவன் எழுமுன் ஸ்ரீதேவி வந்து, தடிக்கம்பால் அந்தத் திரையை மடிப்பு மடிப்பாக உதறுகிறாள். நாற்காலியின் அடியைப் பார்க்கிறாள். செருப்பைக் கவிழ்த்துத் தட்டுகிறாள்.

உள்ளே கட்டிலிலிருந்து அவன் கேட்பான்: "பாத்தாச்சா?"

"இரு," என்பாள் அவள். "இன்னொரு தடவை பாத்துடறேன்."